மயில் தலையும் மங்கிய எண்ணும்: பழைய கண்ணாடிக் கிண்ணத்தைச் செய்தது யார்?

சென்ற இதழில் பழைய கண்ணாடிச் சாமான்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்குக் கொங்குப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களே தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. பலரும் கேட்பது ஒன்றுதான்: எங்கள் வீட்டில் இருப்பதைச் செய்தது யார்? சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் அம்மாயி வீட்டுப் பரணில் ஒரு நீலக் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. நீள்வட்டம், இரண்டு முனையும் சற்றுத் தூக்கியிருக்கும். அடிப்பக்கம் தெளிந்த நீலம், விளிம்புக்கு வர வரப் பால் வெள்ளை. கல்யாண வீடுகளில் வரவேற்பு மேசையில் கல்கண்டு வைக்க இதைத்தான் எடுப்பார்களாம். அம்மாயியின் அப்பா குன்னூரில் ஒரு துரை பங்களா ஏலத்தில் எடுத்தது என்று சொல்வார்கள். உள்ளே நடுவில் ஆங்கிலத்தில் ஆர், டி என்று இரண்டு எழுத்து, பிறகு 130 என்று மூன்று இலக்கம், அதற்குப் பின் மங்கலாக இன்னும் மூன்று இலக்கம் இருக்கிறது. பழம்பொருள் கடையில் காட்டினால் அமெரிக்கா சரக்கு என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் பெல்ஜியம் என்கிறார். யார் சொல்வது சரிங்க?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டுமே இல்லைங்க, உங்கள் கிண்ணம் இங்கிலாந்து. நம் பக்கம் நல்ல கண்ணாடி எதைப் பார்த்தாலும் பெல்ஜியம் என்று சொல்லிவிடுவார்கள், அது பெரிய வீடுகளுக்கு வந்து இறங்கிய நிலைக்கண்ணாடிகளால் வந்த பழக்கம். கடைக்காரர் அமெரிக்கா என்றதற்காவது ஒரு காரணம் உண்டு. பால் விளிம்பு வைத்த நீலக் கிண்ணங்களை அதே காலத்தில் அமெரிக்காவிலும் நிறையச் செய்தார்கள், அவர் நிறத்தை மட்டும் பார்த்திருப்பார். ஆனால் உங்கள் கிண்ணத்தில் எண் இருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆர்.டி. என்பது 'ரெஜிஸ்டர்டு' என்பதன் சுருக்கம். பிரிட்டனில் 1884 ஜனவரியிலிருந்து, ஒரு பொருளின் வடிவத்தைப் பதிவு செய்தால் வரிசையாக ஒரு எண் கொடுத்தார்கள். துணி, சுவர்க் காகிதம், இரும்புச் சாமான், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, 1-லிருந்து தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 1889 தொடக்கத்தில் அந்த எண் 1,16,000-ஐத் தாண்டியிருந்தது, 1890 தொடக்கத்தில் 1,41,000-ஐத் தாண்டிவிட்டது, 1900 வரும்போது 3,51,000 அளவுக்குப் போய்விட்டது. உங்கள் எண் ஆறு இலக்கம், 130 என்று தொடங்குகிறது. ஆகவே கடைசி மூன்று இலக்கம் எதுவாக இருந்தாலும் வடிவம் பதிவானது 1889-ல்.

இப்போது அந்தப் பால் விளிம்புக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் கேட்ஸ்ஹெட் என்று ஒரு ஊர். அங்கே ஜார்ஜ் டேவிட்சன் 1867-ல் ஒரு கண்ணாடிப் பட்டறை தொடங்கினார். முதலில் விளக்குச் சிம்னிதான் செய்தார்கள், பிறகு அச்சில் அழுத்திச் செய்யும் பாத்திரங்களுக்கு வந்தார்கள். அந்தக் கம்பெனி 1889-ல் 2641 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வாங்கியது, அந்தச் சரக்குக்கு 'பியர்லைன்' என்று பெயர். செய்முறையைத் தெரிந்துகொண்டால் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். சூட்டுக்கு நிறம் மாறும் ஒரு கண்ணாடிக் கலவையை அச்சில் அழுத்தி எடுப்பார்கள், அது கொஞ்சம் ஆறியதும் விளிம்பை மட்டும் மறுபடி உலை வாயில் காட்டுவார்கள், எந்த இடம் மறுபடி சூடேறியதோ அந்த இடம் மட்டும் வெளுத்துப் பாலாகும், உள்ளே இருக்கும் பகுதி தெளிவாகவே நிற்கும். நீலத்தில் செய்தார்கள், வெளிர் மஞ்சளிலும் செய்தார்கள். அந்த வெள்ளை பூச்சு அல்ல, அதனால் தேய்த்தாலும் போகாது. உலைக்காரர் கை எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவுதான் வெள்ளை ஏறும், ஆகவே ஒரே அச்சில் வந்த இரண்டு கிண்ணத்தில்கூட விளிம்பு ஒன்றுபோல இருக்காது.

வருடம் 1889, நிறம் நீலம், விளிம்பு பால். மூன்றையும் சேர்த்தால் டேவிட்சன் என்ற பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆனாலும் கடைசி மூன்று இலக்கத்தைப் படிக்காமல் அந்தப் பெயரை எழுதி வைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊரான சண்டர்லாந்தில் கிரீனர் என்று இன்னொரு பெரிய பட்டறை இருந்தது, ஒருவர் சரக்கு நன்றாக விற்றால் மற்றவரும் அதே சாயலில் இறக்கிவிடுவார்கள்.

படிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். மங்கிய இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைத் துளி தூவி விரலால் லேசாக வழித்துவிட்டால், எழுத்தின் ஓரங்களில் பவுடர் தங்கிக்கொள்ளும். அப்புறம் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடான எழுத்தின் நிழல் விழும். எழுத்து உள்பக்கம் இருப்பதால் உள்ளேயிருந்தே பாருங்கள், அடிப்பக்கமாகப் பார்த்தால் எண் திரும்பித் தெரியும், 2-ஐயும் 5-ஐயும் குழப்பிக்கொள்வது அங்கேதான். ஊசி, கம்பி எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம். எண் முழுதாகக் கிடைத்ததும் வேலை சுலபம். அந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த எண்ணை எந்தக் கம்பெனி வாங்கியது என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் எண்ணுக்கு நேரே இருக்கும் பெயர்தான் விடை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எண் சொல்வது வடிவம் பதிவான ஆண்டை. உங்கள் கிண்ணம் அச்சிலிருந்து வந்தது அதற்குச் சில வருடம் கழித்தும் இருக்கலாம், விற்கும் வரை அச்சை ஓட்டுவார்கள்.

குன்னூர் ஏலக் கதையையும் தள்ளிவிடாதீர்கள். ஊர் திரும்பும் துரைமார் சாமான்களை ஏலம் விட்டுப் போவது மலையில் வழக்கம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1899-ல். அதற்கு முன்னால் மலைக்குப் போன கண்ணாடியெல்லாம் வண்டியில், வைக்கோலுக்குள் வைத்துப் போனவை. யார் எடுத்தது, எந்த பங்களா, எந்தக் கல்யாணத்தில் வைத்தார்கள் என்று வீட்டில் நினைவிருப்பவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கிண்ணத்தோடு வையுங்கள். செய்தவர் பெயரை என்றைக்கு வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் வீட்டுக் கதை சொல்லத் தெரிந்தவர்கள் போய்விட்டால் அதை எங்கேயும் தேட முடியாது.

கேள்வி: எங்களிடம் யானைத் தந்த நிறத்தில் ஒரு சிறிய கண்ணாடித் தட்டு இருக்கிறது. கூடை பின்னல் வேலைப்பாடு. அடியில் ஒரு மயிலின் தலை. அதனால் இது நம் நாட்டில், முருகன் கோயில் ஊர் எதற்காகவோ செய்தது என்று வீட்டில் நம்புகிறோம். பக்கத்தில் சாய்சதுரமாக ஒரு குறி, அதன் வலது மூலையில் ஆங்கில 'வி', உச்சியில் ஒரு வட்டத்துக்குள் மூன்று கோடு.
— வாசகர், பழனி

பதில்: பழனியில் இருப்பவருக்கு மயிலைக் கண்டதும் முருகன் நினைவு வரத்தான் செய்யும். ஆனால் இந்த மயிலும் கேட்ஸ்ஹெட்டிலிருந்து வந்ததுதான். அங்கே எல்லிசன் கிளாஸ் வொர்க்ஸ் என்ற பட்டறையை நடத்திய சவர்பி கம்பெனியின் முத்திரை அது, 1876-ல் எடுத்துக்கொண்டார்கள். கொண்டை வைத்த மயில் தலை, கழுத்தோடு நின்றுவிடும். அச்சில் அழுத்திய கண்ணாடியில் அன்றைக்கு மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. கூடைப் பின்னல் அவர்களுக்குப் பிடித்த வேலைப்பாடு.

சாய்சதுரம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1884-ல் எண் வரும் முன், 1842-லிருந்து 1883 வரை, பதிவான வடிவங்களுக்கு இந்தக் குறியைத்தான் போட்டார்கள். உச்சி வட்டத்துக்குள் மூன்று கோடு என்பது ரோமன் எண் மூன்று, அது கண்ணாடி வகை. உலோகத்துக்கு ஒன்று, மரத்துக்கு இரண்டு, பீங்கானுக்கு நான்கு. 1867 வரை வருட எழுத்து உச்சியில் இருக்கும், 1868-லிருந்து வலது மூலைக்குப் போய்விடும். உங்களுடையதில் வலது மூலையில் எழுத்து இருப்பதால் இரண்டாவது காலம், அந்த வரிசையில் 'வி' என்றால் 1876. கீழ் மூலையில் உள்ள எழுத்து மாதத்தைச் சொல்லும், உச்சி மூலையில் உள்ள எண் தேதியைச் சொல்லும், அவற்றையும் பார்த்து எழுதி வையுங்கள்.

இங்கே ஒரு அழகான முடிச்சு இருக்கிறது. சவர்பி 'குயின்ஸ் ஐவரி' என்ற தந்த நிறச் சரக்கை இறக்கியது 1879-ல். உங்கள் தட்டு உண்மையில் அந்த நிறம் என்றால், 1876-ல் பதிவான வடிவத்தை மூன்று வருடமோ அதற்கு மேலோ கழித்துப் புது நிறத்தில் அழுத்தியிருக்கிறார்கள். கோபி வாசகிக்குச் சொன்னது இதைத்தான். வெயிலில் வைத்துப் பார்த்து, சுத்த வெள்ளையா இல்லை தந்தமா என்று முடிவு செய்யுங்கள்.

மயில் இல்லாமல் வேறு முத்திரை உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிங்கம் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்திருந்தால் சண்டர்லாந்து கிரீனர், அதே சிங்கம் கோடரி பிடித்திருந்தால் அதே பட்டறையின் 1885-க்குப் பிந்தைய காலம். கோட்டைக் கொத்தளத்திலிருந்து சிங்கம் எழும்பினால் டேவிட்சன். நங்கூரமும் 'ஜே', 'டி' எழுத்தும் இருந்தால் மான்செஸ்டரின் ஜான் டெர்பிஷயர்.

கேள்வி: எங்கள் மாமியார் ஒரு கனமான கிண்ணத்தைக் கட் கிளாஸ் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். நாத்தனார் அது அச்சில் செய்தது, மதிப்பில்லை என்கிறார். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
— வாசகி, கரூர்

பதில்: பார்த்துவிடலாம். கட் கிளாஸ் என்பது கையால் வெட்டி வேலைப்பாடு செய்த கண்ணாடி. ஆனால் அச்சில் செய்ததற்கு மதிப்பில்லை என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அச்சு இரும்பில் வேலைப்பாட்டைத் தலைகீழாகக் குடைந்தவர் கைத்திறன் சாதாரணம் அல்ல.

செய்யும் விதம் தெரிந்தால் கண்ணே சொல்லிவிடும். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் விட்டுக் கத்திரியால் வெட்டுவார்கள், பிறகு நம் வீட்டில் சந்தகை பிழிவதைப் போல ஒரு நெம்புகோலை இழுத்து மேலிருந்து ஒரு கட்டையை இறக்கி அழுத்துவார்கள். கண்ணாடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் பரவும். அதனால் வெளியே வேலைப்பாடு இருந்தாலும் உள்ளே கட்டை பட்ட இடம் வழவழவென்று இருக்கும். அச்சு இரண்டு மூன்று துண்டாகத் திறப்பதால் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு மேலிருந்து கீழாக ஓடும், வேலைப்பாட்டின் ஓரத்தில் ஒளிந்திருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். நல்ல பட்டறைகள் மறுபடி தீயில் காட்டி அந்தக் கோட்டை உருக்கி மறைத்துவிடும், எனவே கோடு இல்லை என்பதால் மட்டும் கட் கிளாஸ் என்று சொல்லிவிட முடியாது. கத்திரி பட்ட இடம் சில சமயம் கண்ணாடிக்குள் மயிரிழை போன்ற ஒரு தழும்பாக நிற்கும். அதைக் கீறல் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை.

வெட்டிய கண்ணாடியில் முனைகள் கூர்மை, விரல் வைத்தால் உறைக்கும். அச்சில் வந்ததில் முனை மழுங்கியிருக்கும். வெட்டுக் கோடுகள் ஒன்றை ஒன்று தொடும் இடங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். கையால் வெட்டியதில் ஒரு கோடு சற்று நீண்டிருக்கும், இன்னொன்று சற்று முன்னாலேயே நின்றிருக்கும். அச்சில் எல்லாம் ஒரே அளவு.

தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறதா என்று பார்ப்பது ஈயம் கலந்த கண்ணாடியா என்று அறிய. அச்சில் செய்ததிலும் ஈயக் கண்ணாடி உண்டு. அமெரிக்காவில் 1864-ல் வில்லியம் லெய்ட்டன் என்பவர் ஈயம் இல்லாமலே தெளிந்த கண்ணாடி வரும் ஒரு நல்ல சோடா-சுண்ணாம்புக் கலவையைக் கொண்டுவந்தார், அதற்குப் பிறகு அங்கே மலிவுப் பாத்திரங்களுக்கு ஈயத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எனவே ஒலியை வைத்து வயதை ஓரளவு ஊகிக்கலாம், செய்தவரைச் சொல்ல முடியாது.

கேள்வி: ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் பட்டதுபோல மினுக்கும் பூச்சாடி. மீன் உருவம். இதுவும் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்துச் சரக்கா?
— வாசகர், திருப்பூர்

பதில்: அடிப்பக்கமும் ஓரமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'ஜெயின்' என்று எழுதியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தால் அது உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத், வளையலுக்குப் பேர்போன அதே ஊர். ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ் மீன், யானை, பூச்சாடி பிடித்த கை என்று பல உருவங்களில் இவற்றைச் செய்தது. சூடான கண்ணாடி மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் இந்த மினுமினுப்பு வரும். அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி 1907-ல் தொடங்கி வைத்த மோஸ்தர். வெளிநாடுகளில் இந்தியச் சாடிகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து இல்லையே என்று ஏமாற்றமடையாதீர்கள், நம் நாட்டுத் தொழிலாளி கையால் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் எங்கள் மஞ்சள் கிண்ணம் பச்சையாக ஒளிர்கிறது. ஆபத்தா? யார் செய்தது என்று இதை வைத்துச் சொல்லலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கிறது. அந்த மஞ்சளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பட்டறைகள் சேர்த்தன. இன்றைய செக் நாட்டில் உள்ள போகீமியாவில் ரீடல் குடும்பம் செய்தது, டேவிட்சனின் மஞ்சள் பியர்லைனிலும் அதுதான். ஆகவே ஒளிர்வது பொருளைச் சொல்லும், பட்டறையைச் சொல்லாது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்குப் பயம் வேண்டாம். ஊறுகாய், எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்புகளை மட்டும் அதில் ஊற்றி வைக்காதீர்கள். இன்னொன்று, பழைய நிறமற்ற கண்ணாடி மங்கலாகப் பச்சை காட்டினால் அது மாங்கனீசாக இருக்கலாம். யுரேனியம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பளீரென்று எரியும்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பழைய கண்ணாடித் தட்டு வெள்ளை பூத்துவிட்டது. அடியில் ஏதோ எழுத்து இருக்கிறது, தெரியவில்லை.
— வாசகர், தாராபுரம்

பதில்: நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பெரும்பாலும் அந்தப் படலம்தான். வெள்ளை வினிகரில் பாதி தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து மெல்லிய துணியால் துடையுங்கள். பொன் வண்ணமோ பூ வண்ணமோ தீட்டியிருந்தால் வினிகர் வேண்டாம். படலம் போன பிறகும் மங்கலாகவே இருந்தால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அதற்கு மேல் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். கொதிநீர் ஊற்றுவது, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் வெயிலில் வைப்பது இரண்டும் கூடவே கூடாது. பழைய அச்சுக் கண்ணாடி அடி தடித்தும் விளிம்பு மெலிந்தும் இருக்கும், ஒரே சமயத்தில் சூடேறாமல் விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: ஒரு படப் புத்தகத்தில் எங்கள் தட்டின் அதே வேலைப்பாடு, வைரத்துக்குள் ஆங்கில 'எச்' எழுத்தோடு இருக்கிறது. ஹைசி கம்பெனி, 1900-த்தின் ஆரம்பம் என்று போட்டிருக்கிறது. எங்கள் தட்டும் அதே காலம்தானே? விலை என்ன போகும்?
— வாசகர், சேலம்

பதில்: வேலைப்பாடு ஒத்துப்போவதால் மட்டும் காலமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சு இரும்பு. பட்டறை மூடினால் இரும்பை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். அமெரிக்கக் கம்பெனியான ஹைசி 1957-ல் மூடியது, அடுத்த வருடமே இம்பீரியல் என்ற கம்பெனி அந்த அச்சுகளை வாங்கி அதே தட்டுகளை அழுத்தத் தொடங்கியது, சிலவற்றில் அந்த 'எச்' குறியே அப்படியே வந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். ஹெப்பல் என்பவரின் மீன் ஜாடி அச்சுகள் டேவிட்சனிடம் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் முத்திரை, எண், கண்ணாடியின் நிறமும் கனமும், அடியின் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாகப் புத்தகத்துக்குப் போங்கள் என்கிறேன். அடியில் உண்மையான தேய்மானம் என்றால் தரையில் படும் வளையத்தில் மட்டும் சின்னச் சின்னக் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

விலை இந்தப் பக்கத்தில் சொல்வதில்லை. விளிம்பில் ஒரு பொடிச் சில்லு போயிருந்தாலும் விலை மாறும், அது படத்தில் தெரியாது. வாங்க வருபவர் அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள், முதலில் முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழுக்குப் படம் அனுப்புபவர்கள் கிண்ணத்தின் முழுப் படத்தோடு அடிப்பக்கத்தையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரையையும், அளவுகோலை ஒட்டி வைத்து ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.